வளைகுடா வேலை: ஏஜெண்டிடம் பணம் கொடுக்குமுன்



நம் பிள்ளைகள் சவூதி, குவைத், கத்தார் என்று போவது புதிதல்ல. திருத்தணியிலிருந்து ரேணிகுண்டா வழியாக ரயிலில் மேலே போனால், ராஜம்பேட்டை, கடப்பா பக்கம் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெருவைப் பார்ப்பது அரிது. அதனால் ஏஜெண்டுகளுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. "எங்கள் மச்சானுக்கு அவர்தான் விசா எடுத்துக் கொடுத்தார்" என்ற ஒரு வார்த்தையை நம்பி, வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடுகிறோம். ஏஜெண்ட் என்றாலே மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக நடப்பவரை அடையாளம் காண வழி இருக்கிறது.

1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்து லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணை அலுவலகத்திலும் விளம்பரத்திலும் போட வேண்டும். அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் தேடினால் லைசென்ஸ் நடப்பில் உள்ளதா, அலுவலகம் எங்கே என்பது தெரியும். "சென்னையில் பெரிய ஆபீஸ், நான் அவர்களுடைய ஆள்" என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுபவரிடம் ஒரு ரூபாயும் தராதீர்கள். சப்-ஏஜெண்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. மின்சார ரயில் ஏறி அந்த அலுவலகத்துக்கே நேரில் போய்விடுங்கள்.

ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்பவர் ரசீது தரமாட்டார். ரசீது இல்லாவிட்டால் பிறகு போலீசில் புகார் எழுதவும் கையில் ஒன்றும் இருக்காது. அந்த லட்சத்துக்காக வட்டிக் கடன் வாங்கினால், முதல் ஆண்டுச் சம்பளம் அசலுக்குக்கூடப் போதாமல் போகலாம்.

அடுத்தது ஒப்பந்தம். முதலாளியின் பெயர், என்ன வேலை, மாதச் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், உணவு, திரும்பும் டிக்கெட் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகராவின் 282வது வசனத்தை ஓதுகிறோம். ஏஜெண்ட் முன்னால் மட்டும் "நம்பிக்கைதானே" என்று விட்டுவிடுகிறோம். நீங்களும் தெரியாத வேலையைத் தெரியும் என்று பயோடேட்டாவில் எழுதாதீர்கள். அங்கே போன முதல் வாரமே தெரிந்துவிடும். பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு ஈ.சி.ஆர். பாஸ்போர்ட். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் "இப்போது விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள். அப்படிப் போனவருக்கு எழுத்திலான ஒப்பந்தமும் இல்லை, அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான் பிரீமியம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் கிடைக்கும். அதே நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஈ.சி.ஆர். பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அவர்களை அரசு நிறுவனங்கள் மூலமே அனுப்ப முடியும். தமிழக அரசுக்கு 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. முதலில் அங்கே பதிவு செய்யுங்கள்.

பட்டம் படித்த பிள்ளைகளும் தப்பவில்லை. 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப்போய், மியான்மரின் மியாவடியில் இணைய மோசடி செய்ய அடைத்து வைத்தார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு.

சந்தேகம் இருந்தால் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் இலவச எண் 1800 11 3090. நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு மஃரிபுக்குப் பிறகு ஏஜெண்டின் லைசென்ஸ் எண்ணோடு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் முன்னாலேயே இணையத்தில் பார்த்துச் சொல்கிறோம்.