ஜப்பானியர் தோட்டத்து மரவிளக்கு

ஜப்பான் தேசத்தின் பழைய தலைநகரான நாராவில் கசுகா தைஷா என்னும் புராதன ஆலயம் ஒன்று உண்டு. அங்கே சுமார் 3,000 விளக்குகள் இருக்கின்றன. பாதையோரங்களில் கல் விளக்குகள் நிற்கின்றன. தாழ்வாரங்களில் உலோக விளக்குகள் தொங்குகின்றன. பிரபுக்களேயன்றிச் சாமானிய ஜனங்களும் காணிக்கையாக அளித்தவை அவை. பிப்ரவரித் தொடக்கத்திலும், ஆகஸ்டு 14, 15 தேதிகளிலும் அவை யாவும் ஏற்றப்படும் காட்சி அற்புதமானது.

பௌத்த மதத்துடன் வந்த இவ்விளக்கு முதலில் ஆலயத்துக்கே உரியதாயிருந்தது. அதை வீட்டுத் தோட்டத்துக்கு அழைத்து வந்தவர்கள் 16-ஆம் நூற்றாண்டின் தேநீர் ஆசான்கள். அந்தி மயங்கிய பின் வரும் விருந்தினர் கால் இடறாமல் தேநீர்க் குடிலை அடைய வேண்டுமல்லவா?

கல் விளக்கை ஒரு முறை நிறுத்திவிட்டால் கவலை இல்லை. மரவிளக்கோ அப்படியன்று. ஜப்பானிலே ஜூன், ஜூலை மாதங்களில் மழை விடாது தூறும். தூணை நேரே மண்ணில் புதைப்பவர் அதன் ஆயுளுக்கு நாள் குறித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ஈரமும் காற்றும் கூடும் மண்மட்டத்திலேதான் மரம் முதலில் மக்குகிறது.

ஆகையால், ஆழக் குழி தோண்டி, சரளைக் கல் கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் அடிக்கல்லை அமர்த்த வேண்டும். கல்லின் தலை மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். கல்லில் துளையிட்டால் அதில் நீர் தங்கும். ஆதலால் கல்லில் முளையும் தூணில் துளையும் இருப்பதே நலம். பிறகு தூக்குக்குண்டு பிடித்து இரு பக்கமும் நேர் பார்க்க வேண்டும்.

தூணின் வேர்ப்பக்கம் கீழேயே இருத்தல் அவசியம். மரம் வளர்ந்த வாக்கிலன்றித் தலைகீழாக நிறுத்துவது ஆகாதென்பது ஜப்பானியத் தச்சரின் நம்பிக்கை. தூணின் மேல் பீடம். அதன்மேல் காகிதம் ஒட்டிய சாளரங்களுடன் தீபமாடம். எல்லாவற்றுக்கும் மேலே அகன்ற கூரை. அக்கூரை அழகுக்கு மட்டுமன்று. தூணுக்கு அதுவே குடை.

இனி, விளக்கை எங்கே வைப்பது? தோட்டத்தின் நட்டநடுவில் அன்று. பாதை திரும்பும் இடத்திலோ, கை கழுவும் கல்தொட்டியின் அருகிலோ வைப்பார்கள். அதோடு நில்லாமல், சுடருக்கு முன்னால் ஒரு மரக்கிளை சற்றே மறைக்கும்படியும் விடுவார்கள். இலைகளினூடே நடுங்கும் ஒளியே அவர்கள் உள்ளத்துக்கு உகந்தது.

இத்தனை செய்தும் என்றோ ஒரு நாள் தூணின் அடி மக்கத்தான் செய்யும். அப்போது ஜப்பானியத் தச்சர் முழுத் தூணையும் எறிந்துவிடுவதில்லை. கெட்ட பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து, புது மரத்தை இசைத்துப் பொருத்துகிறார். இதற்கு 'நெட்சுகி', அதாவது வேரொட்டு, என்று பெயர். இஸே ஆலயத்தையே 20 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டிவரும் ஜனங்கள் அவர்கள். 2013-ஆம் ஆண்டில் கட்டியது 62-ஆவது முறை. அழியும் மரத்தைக் கொண்டே பழமையைக் காப்பாற்றும் வித்தை அது. கை வேலை தெரிந்த ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக் கொடுக்கும் வரையில்தான் அந்த வித்தை பலிக்கும். கற்பிப்பது நின்றால், மக்கிய தூணை மாற்ற ஆளின்றி விளக்கும் சாய்ந்துவிடும்.