'பம்பூஸில்' என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'பம்பூஸில்' என்றொரு வினைச்சொல் உண்டு. மூங்கிலைக் குறிக்கும் 'பம்பூ' என்னும் ஒலி அதன் முற்பாதியில் கேட்டாலும், இரண்டிற்கும் உறவுண்டு என்பதற்குச் சான்றில்லை. அதன் பிறப்பிடத்தை அகராதியாசிரியர்கள் இன்றுவரை உறுதிசெய்யவில்லை. குழப்புதலைக் குறிக்கும் சொல் அறிஞரையும் குழப்பி நிற்பது பொருத்தமே.

'கன்ஃப்யூஸ்' என்னும் சொல்லுக்கும் இதற்கும் வேற்றுமை யாது? ஆசிரியர் தெளிவின்றிப் பாடம் நடத்த, மாணவன் குழம்பினால், அங்கே முன்னைய சொல்லே பொருந்தும். வட்டிக்குக் கொடுப்பவன் கணக்கை விரைந்து ஒப்பித்து, எதிரே இருப்பவன் தலைசுற்றி நிற்கும் வேளையில் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினால், அதுவே பம்பூஸில். முன்னதில் குழப்பம் விளைவு. பின்னதில் அது கருவி. வஞ்சகமின்றித் திகைக்க வைப்பதற்கும் இச்சொல்லை ஆள்வது உண்டு. ஆயினும் ஏய்த்தல் என்பதே அதன் முதற்பொருள். 'கண்ணில் மண்ணைத் தூவுதல்' என்னும் நம் வழக்கு அதற்கு மிக அண்மையது.

இச்சொல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் நகரப் பேச்சில் புகுந்தது. 1710-இல் ஜோனதன் ஸ்விப்ட் 'டாட்லர்' இதழில், மொழியைக் கெடுக்க வந்த புதுச்சொற்களுள் ஒன்றாக இதனைச் சாடினார். 1755-இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன், தூய நடைக்கு இது ஏற்றதன்று என்று குறித்தார். பெரும்புலவர் இருவர் வாயிலை அடைத்தும் சொல் உள்ளே வந்து அமர்ந்துவிட்டது. ஏன்? அது சுட்டும் செயல் உலகில் இருந்தது. அதைச் சுட்ட மக்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. சொல்லை வாழவைப்பது தேவையே என்பது என் கருத்து.

அத்தேவை இன்றும் குறையவில்லை. வங்கி அலுவலர்போல் தொலைபேசியில் பேசி, அச்சுறுத்தி, அவசரப்படுத்தி, இரகசிய எண்ணைக் கேட்டுப் பெறுபவன் செய்வதும் இதுவே. வானியல் அறிஞர் கார்ல் சேகன் 1995-இல் எழுதிய நூலொன்றில் இச்சொல்லைக் கொண்டே ஓர் உண்மையை உரைத்தார்: நெடுநாள் ஏமாற்றப்பட்டவர், ஏமாற்றத்திற்குச் சான்று காட்டினாலும் ஏற்க மறுப்பர். ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்ள மனம் கூசுகிறது.

ஆகவே, நேயர்களே, விளங்காத பேச்சைக் கேட்டுத் தலையசைப்பது மரியாதையன்று. "மறுபடியும் நிதானமாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நேர்மையாளர் மகிழ்ந்து விளக்குவார். மற்றவர் சினம் கொள்வார். அச்சினமே நமக்கு எச்சரிக்கை.