படகே பள்ளிக்கூடம்!

வங்காள தேசத்தில் சலன் பீல் என்ற தாழ்ந்த பூமி. மழைக்காலம் வந்தால் பாதை எது, வயல் எது என்று தெரியாது. எங்கும் வெள்ளம்! பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். படிப்பை விட்ட பெண்கள் பலர் திரும்ப வருவதே இல்லை.

அங்கே வளர்ந்தவர் முகமது ரெஸ்வான். வெள்ளத்தால் சிறுவயதில் பாடம் இழந்தவர். கட்டிடக் கலை படித்தும், மாளிகை கட்டப் போகவில்லை. 2002-ல் படகையே பள்ளிக்கூடம் ஆக்கினார்!

படகு கரையோரமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். பிறகு ஓரிடத்தில் கட்டிவைத்துப் பாடம் நடக்கும். சுமார் 30 பிள்ளைகள், பெஞ்சு, கரும்பலகை. கூரைமேல் சூரிய ஒளித் தகடு. அதில் விளக்கு எரிகிறது. பாடம் முடிந்ததும் கொண்டுபோய் விட்டுவிடும். பள்ளியே கரைக்கு வந்தால், பெண்ணை அனுப்பப் பெற்றோருக்கு என்ன தயக்கம்?

2025-ல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. இப்போது நூலகப் படகும் உண்டு.