டிக்கெட்டில் ஆறரை மணி நேரம், வானத்தில் பதினெட்டரை மணி நேரம்: சிங்கப்பூர் - நியூயார்க் விமானக் கணக்கு என்ன?

கோடைக்காலத்தில் சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பும் விமானம், அதே தேதி காலை 6.30 மணி வாக்கில் நியூயார்க்கில் தரையிறங்கிவிடும். வெறும் ஆறரை மணி நேரம்தானா? அதுதான் இல்லை. பயணி சீட்டில் உட்கார்ந்திருப்பது சுமார் பதினெட்டரை மணி நேரம். மீதி 12 மணி நேரத்தை இரு ஊர்களின் நேர வித்தியாசம் விழுங்கிவிடுகிறது.

தூரம் எவ்வளவு?

சாங்கியில் இருந்து ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு 15,349 கி.மீ. உலக உருண்டையில் இரண்டு ஊரையும் நூலால் இணைத்தால், அது வட துருவத்தை ஒட்டியே போகும். குறைந்தபட்ச தூரம் அதுதான்.

ஆனால், விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ‘ஜெட் ஸ்ட்ரீம்’ காற்றுதான் காரணம். அது பின்னால் இருந்து தள்ளினால், தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். அதனால் போகும்போது பசிபிக் கடல் வழியாகக் கிழக்கே. திரும்பும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கேதான். போய்வந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியாச்சு!

எரிபொருள் எப்படிப் போதும்?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நான்கு இன்ஜின் ஏ340-500 விமானத்தில் நியூயார்க் அருகே உள்ள நூவர்க்குக்கு நேரடி சேவை தொடங்கியது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்தியது. இரண்டே இன்ஜின் கொண்ட ஏ350-900 யு.எல்.ஆர். வந்த பிறகு 2018-ல் அந்த சேவை மீண்டும் தொடங்கியது. 2020 நவம்பரில் ஜே.எஃப்.கே. சேவையும் வந்தது.

இந்த விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் நிரப்பலாம். எடையைக் குறைக்க சீட்டுகள் 161 மட்டுமே. பிசினஸ், பிரீமியம் எகானமி மட்டும்தான். சாதாரண எகானமி கிடையாது.

புக் செய்யும் முன் கவனிக்க...

* புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் கழித்துப் பார்க்காமல், மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள்.

* திரும்பும்போது கணக்கு தலைகீழ். திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறினால், சிங்கப்பூரில் இறங்குவது புதன் அதிகாலை 4.30 மணி. செவ்வாய்க்கிழமை வானத்திலேயே காலி! டிக்கெட்டில் ‘+2’ என்று இருந்தால் அர்த்தம் இதுதான். லீவு, மீட்டிங், ஹோட்டல் புக்கிங் எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

* நியூயார்க்கில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள். குளிர்காலத்தில் நேர வித்தியாசம் 13 மணி நேரம் ஆகிவிடும்.

* நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. அவ்வப்போது எழுந்து நடங்க, தண்ணீர் குடிங்க.