லேசர் சுட்டியும் கிளிக்கரும்

லேசர் சுட்டி என்பது மெல்லிய ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, திரையில் உள்ள ஓர் இடத்தைச் சிறு புள்ளியால் காட்டும் கைக்கருவி ஆகும். கிளிக்கர் என்பது கணினி அருகே செல்லாமலேயே படவில்லைகளை, அதாவது ஸ்லைடுகளை, முன்னும் பின்னும் நகர்த்தும் தொலை இயக்கி. இன்று கருத்தரங்குகளிலும் வகுப்பறைகளிலும் காணப்படும் கருவிகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒரே கைப்பிடியில் கொண்டவை.

புள்ளி உருவாகும் விதம்

தியோடர் மைமன் 1960 இல் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். 1980களில் வந்த முதல் சுட்டிகள் பெரியவை, விலை மிகுந்தவை. குறைகடத்தி இருமுனையம் எனும் லேசர் டையோடு மலிவான பிறகே அவை பேனா அளவுக்குச் சுருங்கின.

சிவப்புச் சுட்டியில் டையோடே நேரடியாக ஒளியைத் தருகிறது. அதன் அலைநீளம் பொதுவாக 635 முதல் 670 நானோமீட்டர் வரை இருக்கும். மனிதக் கண் பகல் வெளிச்சத்தில் சுமார் 555 நானோமீட்டர் ஒளியையே மிகுதியாக உணர்கிறது. எனவே ஒரே திறன் கொண்ட இரு சுட்டிகளில், 532 நானோமீட்டர் பச்சைப் புள்ளி சிவப்பைவிடப் பன்மடங்கு பிரகாசமாகத் தெரியும். சிவப்பு நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்புப் புள்ளி மங்கலாகவே தெரியும் என்பதையும் பேச்சாளர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

பல பச்சைச் சுட்டிகளில் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு ஒரு நியோடிமியம் படிகத்தைத் தூண்டுகிறது. அப்படிகம் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைத் தருகிறது. இன்னொரு படிகம் அந்த ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுகிறது. மாறாமல் எஞ்சும் அகச்சிவப்பை வடிகட்டி ஒன்று தடுக்க வேண்டும். மலிவான சுட்டிகள் சிலவற்றில் அந்த வடிகட்டி இருப்பதில்லை.

கண்ணுக்கு நேரும் ஆபத்து

கண்வில்லை இணையான லேசர் கற்றையை விழித்திரையில் மிகச் சிறிய புள்ளியாகக் குவிக்கிறது. அதனால்தான் மிகக் குறைந்த திறனுள்ள ஒளியும் கவலைக்குரியதாகிறது. ஐ.இ.சி. 60825-1 தரத்தின்படி, 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத கண்ணுக்குப் புலப்படும் லேசர் 2 ஆம் வகுப்பைச் சேர்ந்தது. கூசும் ஒளி பட்டதும் கண் சுமார் 0.25 வினாடிக்குள் இமைத்து விலகிவிடும் என்பதே இந்த வரம்பின் அடிப்படை. 5 மில்லிவாட் வரை உள்ளவை 3ஆர் வகுப்பு. அமெரிக்காவில் சுட்டிகளுக்கான உச்ச வரம்பும் 5 மில்லிவாட்டே.

ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்ப முடியாது. அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 122 சுட்டிகளை அளந்து 2013 இல் வெளியிட்ட முடிவின்படி, பச்சைச் சுட்டிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடும் சிவப்புச் சுட்டிகளில் சுமார் 44 விழுக்காடும் விதிமுறைக்கு உட்படவில்லை. கசியும் அகச்சிவப்பு இன்னும் மோசமானது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குக் கண் இமைப்பதில்லை. ஆகவே பெயரில்லாத மலிவான பச்சைச் சுட்டியைவிட, வகுப்பும் அலைநீளமும் குறிக்கப்பட்ட 1 மில்லிவாட் சிவப்புச் சுட்டி வகுப்பறைக்குப் போதுமானது.

கற்றையை யார் முகத்தை நோக்கியும் திருப்பக் கூடாது. அவையை நோக்கித் திரும்பும்போது பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். கண்ணாடி, பளபளப்பான தொலைக்காட்சித் திரை ஆகியவற்றில் பட்டும் கற்றை அவையோர் பக்கம் தெறிக்கலாம்.

கிளிக்கர் கணினியுடன் பேசுவது

பெரும்பாலான கிளிக்கர்கள் ஒரு சிறிய யூஎஸ்பி ஏற்பியுடன் 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் இயங்குகின்றன. கணினி அந்த ஏற்பியை ஒரு விசைப்பலகையாகவே கருதுகிறது. முன்னோக்கும் பொத்தானை அழுத்தினால் பேஜ் டவுன் விசையும், பின்னோக்கும் பொத்தானுக்குப் பேஜ் அப் விசையும் அனுப்பப்படுகின்றன. தனி மென்பொருள் தேவைப்படாததும், பிடிஎஃப் கோப்பிலும் கிளிக்கர் வேலை செய்வதும் இதனால்தான்.

மேடையில் அடிக்கடி நேரும் ஒரு சிக்கலுக்கும் இதுவே விடை. வேறு சாளரம் முன்னுக்கு வந்துவிட்டால் விசை அங்கே போய்விடும், படவில்லை அசையாது. கிளிக்கர் பழுதென்று மின்கலத்தை மாற்றுவதற்கு முன், காட்சிச் சாளரத்தில் ஒருமுறை சொடுக்கிப் பார்க்கலாம்.

விசைப்பலகையாக நடிப்பதில் ஒரு பாதுகாப்புக் குறையும் உண்டு. மறையாக்கம் இல்லாத கம்பியில்லா ஏற்பிகளுக்கு அருகிலிருந்து வேறொருவர் விசை அழுத்தங்களை அனுப்ப முடியும் என்பதை 2016 இல் மவுஸ்ஜாக் என்ற பெயரில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். பேச்சு முடிந்ததும் ஏற்பியைக் கழற்றிக் கைப்பிடியின் பொந்தில் செருகிவிடுவது இதற்கும் நல்லது, அரங்கக் கணினியிலேயே அதை மறந்துவிட்டு வராமல் இருக்கவும் நல்லது.

கையாளுதல்

5 மீட்டர் தொலைவிலுள்ள திரையில், கை 1 பாகை அசைந்தால் புள்ளி சுமார் 9 சென்டிமீட்டர் நகர்கிறது. வாய்மொழித் தேர்வில் பேசும் மாணவரின் பதற்றம் முழுவதையும் அந்தப் புள்ளி அவைக்குக் காட்டிக்கொடுத்துவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டால் நடுக்கம் குறையும். காட்ட வேண்டிய சொல்லையோ கோட்டையோ மெதுவாக ஒருமுறை சுற்றி வளைத்துவிட்டு ஒளியை அணைப்பது சிறந்தது. ஒவ்வொரு வரிக்கு அடியிலும் புள்ளியை ஓட்டினால் கேட்பவர்களின் கண் பொருளை விட்டுப் புள்ளியையே துரத்தும்.

இணையவழிக் கூட்டத்தில் லேசர் பயன்படாது. திரையில் விழும் புள்ளி கணினியின் படத்தில் இல்லாததால் தொலைவில் இருப்போருக்குத் தெரியாது. எல்சிடி, எல்இடி திரைகளிலும் புள்ளி மங்கிவிடும். அத்தகைய இடங்களில் பவர்பாயிண்டின் காட்சி நிலையில் கன்ட்ரோல், எல் ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் சுட்டெலியின் குறி சிவப்புப் புள்ளியாக மாறும். அது எல்லாத் திரைகளிலும் ஒன்றுபோல் தெரியும்.