சருகைச் சுமக்கும் ஓக்

இலையுதிர் மரம் என்றாலே, பருவம் வந்ததும் மொட்டையாக நிற்கும் மரம் என்றுதான் நினைக்கிறோம். ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் வளரும் காஷிவா ஓக் அந்த நினைப்பைத் திருத்துகிறது. இதன் இலை ஓர் அடி நீளத்துக்கும் வளரக்கூடியது. நுனிப்பக்கம் அகன்று, விளிம்பு அலையலையாக வளைந்து, காம்பே இல்லையோ என்னும்படி கிளையை ஒட்டியிருக்கும். இளங்கிளையைத் தடவினால் மெத்தென்று ரோமம் தட்டுப்படும். குளிர் நெருங்கும்போது இலை பழுத்துக் காய்ந்து பழுப்பாகிறது, ஆனால் விழுவதில்லை. பனிக்காலம் முழுக்கச் சலசலத்தபடி சருகாகவே தொங்கி, வசந்தத்தில் துளிர் பருக்கும்போதுதான் உதிர்கிறது.

அப்படியானால் இதைப் பசுமைமாறா மரம் என்று சொல்லலாமே என்று கேட்கத் தோன்றும். சொல்லக் கூடாது. பசுமைமாறா மரத்தின் இலை குளிரிலும் உயிரோடிருக்கும். காஷிவாவின் சருகில் பச்சையமும் இல்லை, உயிரும் இல்லை. இலை சாவது வேறு, இலை விழுவது வேறு. பெரும்பாலான இலையுதிர் மரங்களில், இலை பழுக்கும்போதே காம்பின் அடியில் உதிர்தல் அடுக்கு என்ற மெல்லிய திசு உருவாகி இலையைக் கழற்றிவிடுகிறது. இங்கே அந்த வேலை பாதியில் நின்று, வசந்தத்தில்தான் முடிகிறது. இது நோயும் அல்ல. பீச், ஹார்ன்பீம் மரங்களும் வேறு சில ஓக் இனங்களும் இதையே செய்கின்றன.

செத்த இலையைச் சுமப்பதில் மரத்துக்கு என்ன லாபம்? துளிரை மான் மேயாமல் காக்கிறது, வசந்தத்தில் விழுந்து வேருக்கு உரமாகிறது, வறட்டுக் காற்றைத் தடுக்கிறது என்று பல விளக்கங்கள் உண்டு. எனக்குக் காற்று விளக்கமே வலுவாகப் படுகிறது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள இஷிகாரி கடற்கரையில், உப்பும் பனியும் சுமந்து வரும் குளிர்காலக் காற்றுக்கு எதிரே காஷிவாக் காடு இயற்கையாகவே வளர்ந்து நிற்கிறது. காற்றடிக்காத தோட்டத்தில் வளர்த்தாலும் சருகு தொங்கத்தானே செய்கிறது என்று கேட்டால், வழிவழியாக வந்த குணம் இடம் மாறியதும் போய்விடாது என்பதே பதில்.

புதுத் துளிர் வரும்வரை பழைய இலை விலகாததைக் கண்ட ஜப்பானியர், வம்சம் அறாமைக்கு இம்மரத்தை அடையாளமாக்கினர். மே 5, குழந்தைகள் தினத்தன்று, இனிப்புப் பயறுப் பூரணம் வைத்த அரிசிமாவுப் பண்டத்தைக் காஷிவா இலையில் சுற்றித் தருகிறார்கள். நம் பூவரச இலைக் கொழுக்கட்டையைப் போலவே, இலையை உரித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.