பழக்கம் வேரூன்றும் காலம்

ஒரு செயலை 21 நாள்கள் விடாது செய்தால் அது பழக்கமாகிவிடும் என்பர். இந்நம்பிக்கை, பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் வெளியிட்ட நூலிலிருந்து பரவியது. தம் நோயாளிகள் மாறிய முகத்தோற்றத்திற்குப் பழகக் குறைந்தது 21 நாள்கள் ஆயின என்றே அவர் எழுதினார். 'குறைந்தது' என்னும் சொல் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரங்கள் ஆராய்ந்தனர். ஒவ்வொருவரும் ஒரே ஒரு செயலைத் தேர்ந்து, நாள்தோறும் தவறாது நிகழும் மற்றொன்றோடு அதைப் பிணைத்துக்கொண்டனர். நண்பகல் உணவோடு ஒரு பழம் என்பது போல. அச்செயல் எண்ணாமலே நிகழும் நிலையை எட்ட, இடைநிலை அளவாக 66 நாள்கள் தேவைப்பட்டன. ஆளுக்காள் இது 18 முதல் 254 வரை வேறுபடும் என மதிப்பிடப்பட்டது. நீர் பருகுதல் போன்ற எளிய செயல்கள் விரைவில் படிந்தன. உடற்பயிற்சி படியக் காலம் கூடியது.

மாணவர்க்கு இதனினும் பயன் தருவது வேறொரு முடிவு. ஒருநாள் தவறியது, பழக்கம் உருவாவதைப் பெரிதும் பாதிக்கவில்லை. நான்கு மணிக்கு எழுவேன் என உறுதிபூண்டு, ஒருநாள் உறங்கிவிட்டதும் தம்மால் இயலாது என்று முயற்சியையே கைவிடுவோர் பலர். ஆறரைக்கு எழுபவர் ஆறேகாலுக்கு எழுந்து, பல் துலக்கியதும் ஒரு பக்கம் படிக்கலாம். அது இயல்பான பின்னரே அடுத்த கால்மணி நேரத்தைக் கருதுக. இடையில் ஒருநாள் தவறின், மறுநாளும் அதே ஆறேகாலுக்கு எழுக.